ஆல்டேர் 8800 பெட்டியை வீட்டிலேயே செய்யலாம்: முகப்பிலிருந்து தொடங்குங்கள்

ஆல்டேர் 8800 என்பது முகப்பில் உள்ள சுவிட்சுகளால் இயக்கும் ஆரம்பகாலத் தனிநபர் கணினி. 1975 ஜனவரி மாத பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க இதழின் அட்டையில் இருந்த ஆல்டேர் 8800 வெறும் பெட்டிதான், உள்ளே கணினி கிடையாது. அமெரிக்காவின் அல்புகர்க்கியில் இருந்த, ஆல்டேரைத் தயாரித்த மிட்ஸ் நிறுவனம் தான் செய்து முடித்த முதல் மாதிரியை ரயில்வே எக்ஸ்பிரஸ் என்ற பார்சல் நிறுவனம் மூலம் நியூயார்க்கில் இருந்த இதழ் அலுவலகத்துக்கு அனுப்பியது, அது வழியிலேயே தொலைந்துபோனது. இதழ் அச்சுக்குப் போக நாள் நெருங்கிவிட்டது, இன்னொன்று செய்ய நேரமில்லை. அதனால் முகப்பில் சுவிட்சும் விளக்கும் பொருத்திய ஒரு காலிப் பெட்டியை அனுப்பிவைத்தார்கள், அதைத்தான் படம் பிடித்து அட்டையில் போட்டார்கள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் கணினி வாங்க ஆசைப்பட்டார்கள், பின்னாளில் பில் கேட்ஸோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய பால் ஆலன் அந்த இதழைத் தூக்கிக்கொண்டு கேட்ஸிடம் ஓடினார்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் பெட்டிமேல் ஒரு பைத்தியம். அசல் ஆல்டேர் வாங்கும் வசதி எனக்கு இல்லை, வாங்கினாலும் ஐம்பது வயதுக் கருவியை தினமும் போட்டு ஓட்ட மனசு வராது. ஆனால் பெட்டியை நாமே செய்யலாம். நான் இரண்டு செய்தேன், முதலாவது சரியாக வரவில்லை, இரண்டாவது இப்போது மேசைமேல் இருக்கிறது. இரண்டிலும் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பெட்டியைச் செய்துவிட்டு அப்புறம் முகப்பை அதில் பொருத்தப் பார்க்கிறார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அது தப்பு. ஆல்டேர் என்றால் அதன் முகப்புதான், மற்றதெல்லாம் அந்த முகப்பைத் தாங்கி நிற்கும் தகரம். முகப்பைச் செய்து, துளையெல்லாம் போட்டு, சுவிட்சை மாட்டிப் பார்த்து, உங்களுக்குத் திருப்தியான பிறகே பெட்டிக்குத் தகடு வெட்டுங்கள். பெட்டியில் 2 மி.மீ. முன்னே பின்னே போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். முகப்பில் ஒரு துளை அரை மி.மீ. தள்ளிப்போனால் அறைக்குள் நுழைகிறவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

என்னென்ன இருக்கின்றன

அசல் பெட்டி ஏறத்தாழ 17 அங்குல அகலம், 18 அங்குல ஆழம், 7 அங்குல உயரம். மில்லிமீட்டரில் 432, 457, 178. மேல்மூடியும் இரு பக்கங்களும் நீலம். முன்பக்கம் அடர்நிறத் தட்டில் வெள்ளை எழுத்து. அந்தத் தட்டில் 36 சிவப்பு எல்இடி, குச்சியை மேலும் கீழும் தள்ளும் 25 டாகிள் சுவிட்ச், ஆக மொத்தம் 61 துளை. இந்த 61 என்ற எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், வேலையில் பாதி இதுதான்.

எல்இடிக் கணக்கு இது: முகவரிக்கு, அதாவது நினைவகத்தில் எந்த இடம் என்று காட்ட, 16 (ஏ15 முதல் ஏ0 வரை), தரவுக்கு 8 (டி7 முதல் டி0 வரை), நிலையைக் காட்ட 10, அது போக செயலி காத்திருப்பதையும் விலகி நிற்பதையும் காட்டும் வெயிட், ஹெச்எல்டிஏ என்று 2. மேல் வரிசையில் இடப்பக்கம் அந்தப் பத்து நிலை விளக்குகளும் வலப்பக்கம் தரவு விளக்குகளும் வரும். அதற்குக் கீழ் வரிசையில் இடது ஓரம் அந்த இரண்டு, வலப்பக்கம் முழுக்க முகவரி விளக்குகள். ஒவ்வொரு முகவரி விளக்குக்கும் நேர் கீழே அதன் சுவிட்ச். கடைசி வரிசையில் பவர் சுவிட்சும், ஸ்டாப்-ரன், சிங்கிள் ஸ்டெப், எக்ஸாமின் (நினைவகத்தைப் பார்க்க), டெபாசிட் (அதில் எழுத), ரீசெட், ப்ரொடெக்ட், இரண்டு ஆக்ஸ் என எட்டு கட்டளை சுவிட்சும்.

நகல் செய்கிறவர்கள் பலர் தவறவிடும் ஒரு விஷயம், முகவரி விளக்குகள் சம இடைவெளியில் இருக்காது. ஏ15 தனியாக நிற்கும், மற்றவை மூன்று மூன்றாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். அழகுக்காகச் செய்ததல்ல. ஆல்டேர்காரர்கள் எண்களை ஆக்டலில், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் எழுதினார்கள், மூன்று பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1) சேர்ந்தால் ஒரு ஆக்டல் இலக்கம். அந்த இடைவெளி இருந்தால்தான் 303 என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் விரல் தானாகச் சுவிட்சுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் போட்டுவிட்டால் பார்க்க ஆல்டேர் மாதிரி இருக்கும், உட்கார்ந்து பயன்படுத்த முடியாது.

தாளில் வரைவது

மிட்ஸ் வெளியிட்ட கையேடுகளின் ஸ்கேன்கள் இணையத்தில் கிடைக்கின்றன, முகப்பின் படங்களும் ஏராளம். நேர் எதிரே நின்று, தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் ஓரங்கள் வளைந்திருக்கும், அதை வைத்து அளந்தால் ஏ15 ஒரு பக்கமும் ஏ0 ஒரு பக்கமும் விலகிப் போகும். படத்தை இங்க்ஸ்கேப் மாதிரி படம் வரையும் ஒரு மென்பொருளில் வைத்து, தட்டின் அகலம் உங்கள் அளவுக்கு வருமாறு பெரிதாக்கி, அதன்மேல் ஒரு தனி அடுக்கில் வட்டங்களைப் போடுங்கள். படத்தை அப்படியே நகலெடுக்காமல், அதைப் பார்த்து ஒரு முழு எண் அளவுக்கு வாருங்கள்.

என் தட்டு 427 மி.மீ. அகலம், 174 மி.மீ. உயரம் (ஏன் 427 என்று பெட்டிப் பகுதியில் சொல்கிறேன்). முகவரி விளக்குகளுக்குக் கூட்டத்துக்குள் 15 மி.மீ., கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே 20 மி.மீ. என்று வைத்தேன். பத்து சின்ன இடைவெளி, ஐந்து பெரிய இடைவெளி, ஆக ஏ15-லிருந்து ஏ0 வரை 250 மி.மீ. வலது ஓரத்தில் 40 மி.மீ. விட்டால் இடப்பக்கம் மற்றவைக்குத் தாராளமாக இடம் இருக்கும். இது அசல் அளவு அல்ல, என் தட்டில் சரியாக உட்கார்ந்த அளவு. இன்று கிடைக்கும் மினி டாகிள் சுவிட்சுகளுக்கு 15 மி.மீ. போதும், விரல் பக்கத்துச் சுவிட்சில் இடிக்காது.

அச்செடுக்கும்போது கவனம். ஏ3 தாளின் நீளம் 420 மி.மீ.தான், நம் தட்டு 427. ஏ3-இல் எடுத்தால் பிரிண்டர் சத்தமில்லாமல் சுருக்கிக் கொடுத்துவிடும், துளை எல்லாம் போட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியும். டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 12க்கு 18 தாளில் கேளுங்கள், அது 457 மி.மீ. நீளம். நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். படத்திலேயே ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வைத்து, தாள் கைக்கு வந்ததும் கடையிலேயே ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டு கோடு போட்டால் நல்லது, சில இயந்திரங்கள் ஒரு திசையில் மட்டும் இழுக்கும். ஒரே கோப்பிலிருந்து இரண்டு அச்சு தேவை: துளை போட வழிகாட்ட ஒரு சாதாரணத் தாள், முகப்பில் ஒட்ட ஒரு மேட் வினைல் ஸ்டிக்கர். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் எடுங்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்பதால் மெல்லிய எழுத்தில் மை பரவி அடைத்துவிடும். எழுத்தின் உயரம் 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். முழுக் கறுப்பைவிடக் கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பு பார்க்க நன்றாக இருக்கிறது.

61 துளை

முகப்புக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடு, கடையில் 14 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். மெல்லியதாக எடுத்தால் சுவிட்சைத் தட்டும்போது தகடு உள்ளே அமுங்கி எழும், அந்த உணர்வு ஒன்றே போதும் ஆசையைக் கெடுக்க.

வழிகாட்டித் தாளைக் குச்சிப் பசையால் தட்டில் ஒட்டுங்கள். பிறகு சென்டர் பஞ்ச், சுத்தியல். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பஞ்சின் முனையை வைத்து, முதலில் மெதுவாக ஒரு தட்டு, குனிந்து பாருங்கள், நடுவில் விழுந்திருந்தால் அழுத்தி இன்னொரு தட்டு. விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்துப் பிடித்துப் புள்ளியை நகர்த்தலாம், இந்தக் கட்டத்தில் மட்டும்தான் அது முடியும். முதல் முகப்புத் தட்டில் நான் கடைசி இருபது துளைக்கு வந்தபோது மாலை ஆகிவிட்டது, அவசரத்தில் பஞ்ச் அடிக்காமல் நேராக ட்ரில்லை வைத்தேன். ஏ7-இல் ட்ரில் பிட் வழுக்கி ஒரு மி.மீ. கீழே இறங்கிவிட்டது. பதினாறு விளக்கில் ஒன்று மட்டும் பல்வரிசையில் துருத்திய பல் மாதிரி நின்றது. அந்தத் தட்டை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு புதிதாக வெட்டினேன்.

பஞ்ச் முடிந்ததும் எல்லாத் துளையையும் முதலில் 2 மி.மீ. பிட்டால் போடுங்கள். அடியில் ஒரு மரப்பலகை வைத்து, தட்டை அதோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் தகடு கிழிந்து தூக்கும். அப்புறம் எல்இடிக்கு 5 மி.மீ., சுவிட்சுக்கு 6.5 மி.மீ. அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொள்ளும் உலோகம், சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் வழுவழுவென்று வெட்டும். பெரிய துளைகளுக்கு ஸ்டெப் ட்ரில் இருந்தால் உத்தமம், துளை முக்கோணமாகப் போகாது. பிசிறை எடுக்க 10 மி.மீ. பிட்டைக் கையாலேயே பிடித்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு சுற்று. இயந்திரத்தில் போட்டுப் பிசிறு எடுக்காதீர்கள், ஒரு நொடியில் துளை பெரிதாகிவிடும்.

தாளை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட்டு, தட்டை 400 உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட சோப்புத் தண்ணீர் முறைதான் நல்லது: தட்டில் லேசாகத் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து, துளைக்குத் துளை சரியாக நிற்கும்வரை நகர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்து எடுங்கள். தட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்தால் துளைகள் ஸ்டிக்கர் வழியே மங்கலாகத் தெரியும், அதை வைத்துச் சரிபார்க்கலாம். ஒரு இரவு காயட்டும். மறுநாள் பின்பக்கத்திலிருந்து 11-ஆம் நம்பர் சர்ஜிகல் பிளேடால் (மருந்துக் கடையிலேயே கிடைக்கும்) துளை விளிம்பையே தடமாக வைத்து வெட்டி எடுங்கள். சுவிட்ச் துளைகளில் சின்ன விலகல் இருந்தாலும் நட்டு மூடிவிடும், எல்இடித் துளைகளில்தான் பொறுமை வேண்டும்.

சுவிட்சும் விளக்கும்

25 சுவிட்சில் 17 சாதாரண ஆன்-ஆன் வகை, போட்ட இடத்தில் நிற்கும். மீதி 8 கட்டளை சுவிட்சுகள் நடுவில் நின்று, மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் விரலை எடுத்ததும் நடுவுக்கே திரும்பும் வகை. இந்த இரண்டாவது வகையைக் கடையில் கேட்கும்போது இருபக்கமும் ஸ்பிரிங் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் நான் அவசரமாக வாங்கி வந்த எட்டில் மூன்று ஒரு பக்கம் மட்டும் திரும்புவதாக இருந்தது. வாங்கும்போதே ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், குச்சியின் நீளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

எல்இடி வாங்கும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் வகை வேண்டாம். 1975-இல் இருந்த சிவப்பு விளக்கு மங்கலானது, இன்றைய தெளிவு வகை முகத்தில் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். சிவப்பாகவே மங்கிய, டிஃப்யூஸ்டு 5 மி.மீ. வகையை வாங்கி, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுங்கள். 5 வோல்ட்டில் யூஎல்என்2803 (எட்டு விளக்கை ஓட்டும் ஒரு சிப்) வழியாக ஓட்டினால் 680 ஓம் ரெசிஸ்டர் போட்டாலே ஒரு விளக்குக்குச் சுமார் 3 மில்லி ஆம்பியர், அதுவே இதமான சிவப்பு. 36 விளக்குக்கும் ஐந்து யூஎல்என்2803 போதும்.

36 விளக்கும் ஒரே உயரத்தில் நிற்க ஒரு வழி இருக்கிறது. எல்லா எல்இடியையும் துளைப் பலகையில் சொருகி, இன்னும் சால்டர் வைத்துப் பற்றவைக்காமல், முகப்புத் தட்டின் பின்னால் வைத்து ஒவ்வொன்றையும் அதனதன் துளையில் விட்டு, தட்டை முகம் குப்புற ஒரு கண்ணாடிமேல் படுக்க வையுங்கள், தட்டின் நான்கு மூலைக்கும் கீழே 3 மி.மீ. வாஷர் கொடுத்து. எல்லா எல்இடியும் தன் எடையில் கீழே இறங்கிக் கண்ணாடியைத் தொட்டு நிற்கும். இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் பற்றவையுங்கள். தூக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் மறு காலையும். ஒரு வரிசை விளக்கு தலைமட்டம் தப்பாமல் நிற்பதைப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

இப்போது பெட்டி

இரண்டே துண்டு. மேல்மூடியும் இரு பக்கமும் சேர்ந்து கவிழ்த்த ப வடிவம். அடித்தட்டும் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து நிமிர்ந்த ப வடிவம். ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்தால் பெட்டி. இரண்டுக்கும் 16 கேஜ் அலுமினியம், அதாவது 1.6 மி.மீ. 18 கேஜ் மலிவு, வளைப்பதும் சுலபம், ஆனால் 432-க்கு 457 என்ற பெரிய மேற்பரப்பு அதில் டப் டப் என்று மேளமாகிவிடும்.

தகடு வளைக்க வீட்டில் முயல வேண்டாம். எல் வடிவ இரும்பு ஆங்கிள் இரண்டுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் தட்டி வளைத்த என் முதல் மூடியில் மூலை முழுக்க அம்மை விழுந்த மாதிரி தழும்பு. சென்னை அம்பத்தூர் மாதிரித் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பெண்டிங் மிஷின் வைத்த ஷீட் மெட்டல் பட்டறைகள் நிறைய, நாலு வளைவுக்கு அரை மணி நேர வேலை. நான் போன பட்டறையில் பெரியவர் ஒருவர் என் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, இது வெளி அளவா, உள் அளவா?" எனக்குப் பதில் தெரியவில்லை. "178, 432, 178, கூட்டினா 788. அப்படியே வெட்டிக் கொடுத்தா வளைச்ச பிறகு உங்க பெட்டி பெரிசாயிடும், தெரியுமா?" என்றார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். தகடு வளையும் மூலையில் வெளி அளவு இரண்டு தடவை எண்ணப்படுகிறது, அதைக் கழிக்க வேண்டும். சாதாரணமான நெருக்கமான வளைவுக்கு, ஒரு வளைவுக்குத் தகட்டின் கனத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1.6 மி.மீ. தகட்டுக்கு ஒரு வளைவுக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இரண்டு வளைவுக்கு 6. ஆக மூடிக்கு வெட்ட வேண்டியது 788 அல்ல, 782-க்கு 457. இயந்திரத்தில் மாட்டிய வளைக்கும் அச்சை (டை) பொறுத்து இது கொஞ்சம் மாறும், அதனால் அதே தகட்டில் ஒரு சின்னத் துண்டை முதலில் வளைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், நல்ல பட்டறைக்காரர் கேட்காமலே செய்வார்.

அடிப்பகுதி மூடிக்குள் நுழைய வேண்டும். மூடியின் உள் அகலம் 432-இல் இரண்டு பக்கக் கனம் 3.2 போக 428.8. பெயின்ட்டுக்கும் கைத்தவறுக்கும் கொஞ்சம் விட்டு அடிப்பகுதியை 427 ஆக்கினேன், முகப்புத் தட்டும் அதே அகலம். முன், பின் உயரம் 175, அடி ஆழம் 447, கூட்டி 797, ஆறைக் கழித்து 791-க்கு 427. ஆழம் 10 மி.மீ. குறைவாக இருப்பது வேண்டுமென்றே. மூடி முன்னால் அந்தப் பத்து மி.மீ. நீண்டு நின்று முகப்புக்குச் சட்டம் கட்டிய மாதிரி நிழல் கொடுக்கும். முகப்புத் தட்டு 2 மி.மீ. கனம், 5 மி.மீ. ஸ்பேசர், ஆக 7, இன்னும் 3 மி.மீ. உள்வாங்கி நிற்கும்.

அடிப்பகுதியின் முன்பக்கத்தில் 61 துளையை மறுபடியும் போட நினைக்காதீர்கள். 400-க்கு 140 அளவில் ஒரு பெரிய ஜன்னல் வெட்டிவிடுங்கள், சுவிட்சும் பலகையும் அதன் வழியே பின்னால் போய்விடும், முகப்பை ஓரங்களில் ஆறு எம்3 திருகால் நிறுத்தலாம். ஜன்னலை வளைப்பதற்கு முன்பே, தகடு தட்டையாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். பின்பக்கத்துக் காற்றுத் துளைகளும் அப்படியே. வளைத்த பிறகு ட்ரில் உள்ளே போகாது.

மூடியை அடியோடு பிடிக்க, அடித்தட்டின் இரு பக்கமும் அரை அங்குல அலுமினிய ஆங்கிளை பாப் ரிவெட்டால் அடியுங்கள், மரை போடும் அளவுக்குக் கனமான, 3 மி.மீ. ஆங்கிளாக இருக்கட்டும். அதில் 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 மரை வெட்டினால் மூடியைப் பக்கத்திலிருந்து திருகலாம். பக்கத்துக்கு மூன்று திருகு போதும். அடியில் நான்கு ரப்பர் கால். மூடியின் எடை ஒன்றரைக் கிலோதான், தகட்டை கிலோ கணக்கில் விற்கும் கடையில் துண்டாகவே கிடைக்கும், முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை.

பட்டறைக்கே போக முடியாத ஊரில் இருக்கிறீர்களா, 6 மி.மீ. ப்ளைவுட்டில் மூடி செய்யலாம். பசையும் சின்ன ஆணியும், மூலையில் உள்பக்கம் ஒரு ரீப்பர். பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் இரண்டடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் முன்விளிம்பில் மரத்தின் கனம் தெரியும், அதை உள்பக்கமாகச் சரிவாகச் சீவிவிடுங்கள். முகப்பு மட்டும் எப்படியும் அலுமினியமாகவே இருக்கட்டும்.

நீலம்

அலுமினியத்தில் நேராக பெயின்ட் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். 320 தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, அதன் பிறகு கை படாமல், உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். அதன்மேல் சாதாரண பிரைமர், அதைக் காயவிட்டு 600 தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்புறம்தான் நீலம். கார்களுக்கு டூகோ பெயின்ட் கலந்து கொடுக்கும் கடையில் ஷேட் அட்டையைப் பார்த்து எடுங்கள். திரையில் படத்தைப் பார்த்து நிறம் தீர்மானிக்க வேண்டாம், ஒவ்வொரு திரையும் ஒரு நீலம் காட்டும், பழைய பெட்டிகளும் வெயிலில் வெளுத்து ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன. மூன்று ஷேடைத் துண்டுத் தகட்டில் அடித்து, கறுப்பு முகப்புக்குப் பக்கத்தில் வைத்து, பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்தேன். கடல் நீலத்தைவிடக் கொஞ்சம் வெளிறிய, பள்ளிச் சீருடை நீலத்தைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று.

மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் டூகோவில் வெள்ளை படர்ந்து பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். காலை பத்து மணிக்கு மேல், நல்ல வெயில் நாளில், மெல்லிய மூன்று கோட்டு. கனமாக ஒரே கோட்டு அடித்தால் பக்கச்சுவரில் வழியும்.

உள்ளே

உள்ளே என்ன வைப்பது என்பது உங்கள் விருப்பம். அசலில் இன்டெல் 8080 செயலி, 256 பைட் நினைவகம், பலகைகளை இணைக்கும் நூறு பின் கொண்ட பஸ் இருந்தது. நான் அர்டுயினோ டியூ என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்தேன், ஆல்டேர் முழுவதையும் அதில் ஓட்டும் சிமுலேட்டர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. டியூவின் பின்கள் 3.3 வோல்ட் தாங்கும், 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போய்விடும், எல்இடியையும் நேராகப் பின்னில் தொங்கவிட வேண்டாம், அதற்குத்தான் யூஎல்என்2803.

230 வோல்ட்டைப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். நல்ல 5 வோல்ட் அடாப்டரை வெளியிலேயே வைத்து, பின்பக்கம் ஒரு டிசி ஜாக், முகப்பில் இருக்கும் பவர் சுவிட்ச் அந்த 5 வோல்ட்டை மட்டும் வெட்டட்டும். இது உலோகப் பெட்டி, வீட்டில் குழந்தைகள் சுவிட்சைத் தட்டி விளையாட வருவார்கள், கட்டாயம் வருவார்கள். எப்படியும் உள்ளே மெயின்ஸ் வேண்டும் என்கிறவர்கள் பெட்டிக்கு எர்த் கொடுக்காமல் பிளக்கைச் சொருகவே கூடாது. மூடியும் அடியும் தனித்தனித் துண்டுகள், நடுவில் பெயின்ட் இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் தனித்தனியாக எர்த் கம்பி.

முதல் நிரல்

எல்லாம் மாட்டியாகிவிட்டது என்றால் 1975-இல் டீன் மெக்டேனியல் எழுதிய கில் தி பிட் என்ற 24 பைட் விளையாட்டைச் சுவிட்ச் வழியாகவே ஏற்றுங்கள். சுவிட்சும் விளக்கும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. ஆக்டலில் இது:

041 000 000 026 200 001 016 000 032 032 032 032 011 322 010 000 333 377 252 017 127 303 010 000

எல்லா முகவரிச் சுவிட்சையும் கீழே இறக்கி எக்ஸாமின் தட்டுங்கள், முகவரி 0-க்கு வந்துவிடும். முதல் எண் 041. மூன்று மூன்றாகப் பாருங்கள்: 0 என்றால் ஏ7, ஏ6 இரண்டும் கீழே, 4 என்றால் ஏ5 மட்டும் மேலே, 1 என்றால் ஏ0 மட்டும் மேலே. டெபாசிட்டை மேலே தட்டுங்கள், டி5-உம் டி0-உம் எரியும். அடுத்த எண்ணுக்குச் சுவிட்சை மாற்றி, இந்த முறை அதே சுவிட்சைக் கீழே தட்டுங்கள், அது டெபாசிட் நெக்ஸ்ட், முகவரி தானாக ஒன்று கூடும். இப்படி 24-உம் முடிந்ததும் முகவரிச் சுவிட்சையெல்லாம் இறக்கி, எக்ஸாமின், பிறகு ரன்.

ஏ15-லிருந்து ஏ8 வரை ஒரு வெளிச்சம் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அது எந்த விளக்கில் நிற்கிறதோ அதற்கு நேர் கீழே உள்ள சுவிட்சைச் சட்டென்று ஏற்றி இறக்கினால் வெளிச்சம் அணையும், தப்பினால் இன்னொன்று முளைத்துச் சேர்ந்து ஓடும். வேகம் அதிகமாகவோ குறைவாகவோ இருந்தால் ஏழாவது பைட்டான 016-ஐ மாற்றிப் பாருங்கள், எண்ணைக் குறைத்தால் மெதுவாகும். என் வீட்டில் இப்போது 005-இல் ஓடுகிறது, ஆறு வயது மகளின் கை அந்த வேகத்துக்குத்தான் எட்டுகிறது.